ஏழாவது படகு

பிரசாந்துக்குத் தண்ணீர் என்றால் பயம் என்பது ஸ்டெபனிக்குக் கலியாணமான முதல் வருடமே தெரியும். அது எவ்வளவு பெரிய பயம் என்பதுதான் தெரியாது. அவன் தெரியவிடவில்லை.

இத்தனைக்கும் கடல் அவனுக்கு ஒரு கெடுதியும் செய்ததில்லை. கோப்பாயில் பிறந்தவன், பதினொரு வயதில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு விமானத்தில் ரொறன்ரோ வந்து இறங்கியவன். வள்ளத்தில் தப்பி வந்த கதை அவனுடைய சொந்தத்தில் பத்துப் பேரிடம் இருந்தது, அவனிடம் இல்லை. ஸ்டெபனிதான் பேசாலையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, எட்டு வயதில் போருக்குத் தப்பித் தகப்பனுடைய படகில் இராமேஸ்வரத்துக்கு ஓடியவள். அவளுக்கோ கடலைக் கண்டால் முகமே மாறிவிடும், சொந்தக்காரரைக் கண்ட மாதிரி. தன் பயத்துக்குச் சொல்ல ஒரு கதைகூட இல்லையே என்பது பிரசாந்துக்கு வெட்கமாக இருந்தது.

தொழில் பிளம்பிங். இருபத்திரண்டு வருடமாகக் காலை முதல் மாலை வரை தண்ணீரோடுதான் சீவியம். ஆனால் குழாய்க்குள் இருக்கும் தண்ணீர் வேறு. அது அவன் சொன்ன இடத்தில் நிற்கும்.

மிசிசாகாவில் விமானச் சரக்கு அலுவலகத்தில் வேலை செய்த ஸ்டெபனி, ஒரு சிநேகிதியின் பின்னால் போய் பாய்மரப் படகுக் கிளப் ஒன்றில் சேர்ந்தாள். அடுத்த வருடமே மற்றவர்களுக்குக் காட்டிக்கொடுக்கும் அளவுக்கு வந்துவிட்டாள். மகள் ஜெசிகா பல்கலைக்கழகம் போனதும் ஒன்றரை வருடம் லீவு எடுத்து, பழைய படகு ஒன்று வாங்கி, சென்ற் லோறன்ஸ் ஆற்றால் இறங்கி, ஹலிஃபாக்ஸில் தரித்து, அங்கிருந்து அத்திலாந்திக்கைக் கடந்து அசோர்ஸ் தீவுகளுக்குப் போகவேண்டும் என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னாள். "நீங்களும் வருவீங்கள்தானே?" என்று கேட்டாள். பிரசாந் ஓம் என்றான். ஆறு வருடம் கழித்து நடக்கப்போகிற காரியத்துக்கு ஓம் சொல்வதில் என்ன கஷ்டம்?

ஆறு வருடம் முடிந்தது. ஜெசிகா போய்விட்டாள். ஸ்டெபனி படகு தேடத் தொடங்கினாள்.

ஏரியில் உலாப்போகிற படகு வேறு, சமுத்திரம் கடக்கிற படகு வேறு என்று அவள் விளக்குவாள். படகின் வெளி ஓடு தடித்ததாக இருக்கவேண்டும். அடியில் பாரமான கட்டை ஆழமாக இறங்கியிருக்கவேண்டும். சுக்கான் எதிலும் அடிபடாமல் மறைவாக இருக்கவேண்டும். ஜன்னல்கள் சின்னனாக, அலை அடித்தாலும் உடையாத மாதிரி இருக்கவேண்டும். புதிதாக வாங்க அவர்களால் முடியாது. ஆனால் நாற்பது வருடத்துக்கு முன்னர் கட்டிய சில படகுகள் இப்போதைய படகுகளை விடப் பலமானவை, தேடினால் கிடைக்கும் என்றாள்.

அந்தக் கோடையில் ஆறு படகு பார்த்தார்கள். விற்பியில் ஒன்று, ஹமில்டனில் இரண்டு, கிங்ஸ்டன் வரை ஓடிப்போய் மூன்று. ஒவ்வொன்றிலும் பிரசாந் குறை கண்டுபிடித்தான். ஒன்றின் மேல்தளம் மிதித்தால் பஞ்சு மாதிரி அமுங்கியது, அது உண்மைதான். இன்னொன்றில் பூஞ்சண மணம் என்றான். அதைத் திறந்து காயவிட்டால் போயிருக்கும். ஆறாவதில் படிக்கட்டு செங்குத்து என்றான். வீட்டுக்குத் திரும்பி வரும்போது, மோர்னிங்சைட் வீதியில் சிவப்பு விளக்கில் காரை நிறுத்திவிட்டு ஸ்டெபனி சொன்னாள்:

"உங்களுக்குப் பயமெண்டால் பயம் எண்டு சொல்லுங்கோ. பாவம், படகில பிழை பிடிக்காதேங்கோ."

"பயமில்லை," என்றான் பிரசாந். "சரி, இனி நான் ஒரு குறையும் சொல்லேல்லை. நீரே பாத்து முடிவெடும்."

ஏழாவது படகு அமிர்தநாதருடையது. ஸ்காபரோவின் வெள்ளைப் பாறைச் சரிவுகளுக்குக் கீழே உள்ள படகுத்துறையில் கட்டியிருந்தது. முப்பத்தாறு அடி, கடும்பச்சை நிறம், பெயர் 'மார்கிரட்'. அது இறந்துபோன மனைவியின் பெயர். அமிர்தநாதருக்கு எழுபத்திமூன்று வயது. பாடசாலைகளில் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். மனைவியோடு இந்தப் படகில் கரீபியன் வரை போய், இரண்டு வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். படகுத்துறையில் தமிழ்க் குரல் கேட்டதில் மனிதருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"வாங்கோ பிள்ளை, வாங்கோ தம்பி. சப்பாத்தை மட்டும் கழட்டிப்போட்டு ஏறுங்கோ," என்று கையைக் கொடுத்தார்.

ஸ்டெபனி ஏறின உடனேயே அவளுக்குப் படகு பிடித்துவிட்டது என்பது பிரசாந்துக்குத் தெரிந்தது. பாய்மரத்தைத் தட்டிப் பார்த்தாள். கயிறுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். அவன் உள்ளே இறங்கினான். சமைக்கச் சின்னக் குசினி, இரண்டு படுக்கை, ஒரு மேசை. எல்லாம் துப்புரவாக இருந்தது. பழக்க தோஷத்தில் குனிந்து சிங்குக்குக் கீழே இருந்த கதவைத் திறந்தான்.

சிங்கில் இருந்து வரும் குழாய் படகின் வெளிச்சுவரைத் துளைத்து வெளியே போகிறது. அந்த இடத்தில் ஒரு வால்வ். அது பித்தளை. கடல்நீரில் வெண்கலம் நிற்கும், பித்தளை நிற்காது. அதிலுள்ள துத்தநாகத்தை உப்பு மெல்ல மெல்லத் தின்றுவிடும். மிஞ்சுகிற செம்பு பார்வைக்கு வால்வ் மாதிரியே இருக்கும், ஆனால் உள்ளே பிஸ்கட். அதைக் காட்டிக்கொடுப்பது நிறம்தான். மஞ்சள் மங்கி ரோஸாகும். பிரசாந் கைபேசி வெளிச்சத்தை அடித்துப் பார்த்தான். வால்வின் கழுத்தில் ரோஸ் படர்ந்திருந்தது. படர்ந்திருந்த மாதிரித்தான் இருந்தது. பக்கத்துச் சுவருக்குச் சிவப்பு வர்ணம் அடித்திருந்தார்கள். அதன் சாயலாகவும் இருக்கலாம்.

அவன் வாயைத் திறந்தான். மேலே ஸ்டெபனி சிரிக்கும் சத்தம் கேட்டது. வாயை மூடிக்கொண்டு கதவையும் சாத்தினான். அடுத்த கிழமை படகைத் தரையில் தூக்கிவைத்துச் சோதிக்க ஆள் வரத்தானே போகிறான், அவன் சொல்லட்டும் என்று நினைத்தான். தனக்கு இப்போது எதைப் பார்த்தாலும் உடையப்போவது மாதிரித்தான் தெரியும் என்றும் நினைத்தான்.

"எப்பிடி?" என்று ஸ்டெபனி மேலே இருந்து கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு."

"காத்தும் நல்லா இருக்கு. ஒரு ஓட்டம் ஓடிப் பாப்பம்," என்றார் அமிர்தநாதர்.

ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமை, காலை பத்து மணி. துறையை விட்டு வெளியே வரும்வரை ஏரி சாந்தமாகத்தான் கிடந்தது. பாறைச் சரிவின் மறைவு தாண்டியதும் வடமேற்குக் காற்று பாயில் விழுந்தது. படகு இடப்பக்கம் சாய்ந்தது. கொஞ்சமல்ல, பிரசாந்தின் கால்மாட்டில் தண்ணீர் ஓடுகிற அளவுக்குச் சாய்ந்தது. அவன் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டான். உயிர்காப்பு அங்கியின் வார்களை மூன்றாவது தடவையாக இறுக்கினான். சுக்கானில் நின்ற ஸ்டெபனியின் தலைமயிர் பறந்தது. அவள் அவனைப் பார்த்துச் சிரித்தாள். அவனும் பல்லைக் காட்டினான்.

கரை சின்னதாகிக்கொண்டே போனது. தண்ணீர் கறுப்பாக இருந்தது. விழுந்தால் எத்தனை நிமிடம், பத்தா, இருபதா? கரை இங்கிருந்து இரண்டு மைல் இருக்குமா? அங்கியை ஊதவைக்கும் வாயுக் குப்பி எப்போது மாற்றியது? அவனுக்குள் கேள்விகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தன. ஒன்றையும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அலையைப் பார்க்காமல் இருந்தால் போதும் என்று, "நான் கீழ ஒருக்காப் பாக்கிறன்," என்று இறங்கினான்.

கீழே இன்னும் மோசம். தளம் சுவராகி, சுவர் தளமாகிக் கிடந்தது. ஓட்டுக்கு அப்பால், காதுக்குப் பக்கத்தில், தண்ணீர் உரசிக்கொண்டு ஓடுகிற சத்தம். குசினிப் பக்கம் களக் களக் என்றது. சாய்ந்த பக்கத்தில் இருந்த சிங்கின் ஓட்டை வழியாக ஏரித் தண்ணீர் மேலேறி, சிங்க் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

"அங்கிள், சிங்கால தண்ணி வருது!"

"அது இந்தப் பக்கம் சாஞ்சால் வாறதுதான்," என்று அமிர்தநாதர் மேலே இருந்து குரல் கொடுத்தார். "சிங்குக்குக் கீழ வால்வ் ஒண்டு இருக்கு, அதைப் பூட்டி விடும் தம்பி."

பிரசாந் கதவைத் திறந்தான். முழந்தாளில் இருந்தான். வால்வைப் பார்த்தான். தொடாதே என்று இருபத்திரண்டு வருடத் தொழில் சொன்னது. பயந்தாங்கொள்ளி என்று இன்னொரு குரல் சொன்னது. தண்ணீர் அவன் மடியில் வழிந்துகொண்டிருந்தது. ஒரு விரலால், மெல்ல, பிள்ளையின் கையைத் திருப்புவது மாதிரிப் பிடியைத் திருப்பினான். அது இறுகி நின்றது. இன்னும் கொஞ்சம் அழுத்தினான்.

வால்வ் அவன் கையோடு வந்துவிட்டது.

சத்தம்கூட இல்லை. கையில் வால்வ் இருந்தது, ஓட்டில் இரண்டு விரல் அகலத்தில் ஒரு துளை இருந்தது, அந்தத் துளையால் ஏரி உள்ளே வந்தது. அவன் முகத்தில் அடித்தது. ஐந்து விநாடிக்கு ஒரு வாளி என்று மூளை தானாகவே கணக்குப் போட்டது. அது கையால் மறிக்கக்கூடிய அமுக்கம்தான் என்பதும் அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அவன் ஓடினான். வழுக்கி விழுந்து, எழும்பி, படிக்கட்டில் பாதி ஏறி, தலையை வெளியே நீட்டி நின்றான். கையில் இருந்த வால்வைத் தூக்கிக் காட்டினான்.

ஸ்டெபனி ஒரு கணம்தான் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

"எந்தப் பக்கம்?"

"சிங்க்... சிங்குக்குக் கீழ."

"அப்ப படகை மற்றப் பக்கம் சாய்க்கிறன், ஓட்டை மேல வரும். அங்கிள், அந்தக் கயித்தை விடுங்கோ! விடுங்கோ!"

பாய்கள் தலைக்கு மேல் வெடி வெடித்த மாதிரி அடித்தன. படகு நிமிர்ந்து, தயங்கி, வலப்பக்கம் சாய்ந்தது. முன்பக்கம் கரையைப் பார்த்துத் திரும்பியது. கீழே பாய்ந்துகொண்டிருந்த தண்ணீர் மெலிந்து, அலை வரும்போது மட்டும் கொப்பளித்தது. ஸ்டெபனி றேடியோவை எடுத்துத் துறைக்கு அறிவித்தாள், படகைத் தூக்கும் இயந்திரத்தை ஆயத்தமாக வைக்கச் சொன்னாள். அவள் குரலில் நடுக்கம் இல்லை. பிறகு பிரசாந்தைப் பார்த்தாள்.

"கரைக்குக் கிட்டப் போனால் காத்துக் குறைஞ்சிடும். படகு நிமிர்ந்திடும். அப்ப தண்ணி திரும்ப வரும். நான் சுக்கானை விடேலாது. உங்களாலை ஏலுமா?"

ஏலாது என்றுதான் சொல்ல வந்தான். இறங்கினான்.

முழங்காலுக்குக் கீழே தண்ணீர் நின்றது. தளப்பலகைகள் மிதந்தன. ஒரு தேத்தண்ணிக் குவளை அவன் காலில் முட்டிவிட்டுப் போனது. அமிர்தநாதர் பின்னால் வந்து அலுமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். இப்படியான துளைக்கு அடிக்கிற மர ஆப்பு எல்லாப் படகிலும் இருக்கவேண்டும். இந்தப் படகில் இல்லை. பிரசாந் தன் கம்பளித் தொப்பியைக் கழற்றிச் சுருட்டித் துளைக்குள் திணித்தான். அதற்கு மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினான். உடைந்த விளிம்பு தோலைக் கிழித்தது. தண்ணீரின் குளிர் முதலில் வலியாக இருந்தது, பிறகு வலியும் இல்லாமல் போனது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. கை அங்கே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தான்.

அமிர்தநாதர் பக்கத்தில் படுக்கையில் குந்தினார். அந்த வால்வை இரண்டு கையாலும் வைத்துப் பார்த்தார்.

"நான்தான் போட்டனான்," என்றார். "கரீபியன் போக முதல். வீட்டுச் சாமான் கடையில வாங்கினது. நல்லாத்தானே இருக்கு எண்டு நினைச்சன். மார்கிரட்டை இதுக்குள்ள வைச்சுக்கொண்டு ரெண்டு வருசம் திரிஞ்சிருக்கிறன், தம்பி." அவருடைய வாய் கோணியது. "அவளை இதுக்குள்ள நித்திரை கொள்ள வைச்சிருக்கிறன்."

பிரசாந்துக்கு அவரோடு கோபிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"நான் காலமையே கண்டனான் அங்கிள். நிறம் மாறியிருந்தது. சொல்லேல்லை."

கிழவர் அவனை நிமிர்ந்து பார்த்தார். "ஏன்?"

படகு நிமிர்ந்தது. துளை மறுபடி தண்ணீருக்குக் கீழே போனது. தொப்பியைத் தள்ளிக்கொண்டு அவன் விரல்களுக்கு நடுவால் பீச்சியது. மற்றக் கையையும் வைத்து, நெஞ்சையும் கொடுத்து அழுத்தினான். அழுதான். வாய்விட்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். அமிர்தநாதர் வாளியை எடுத்துத் தண்ணீரை அள்ளி மேலே ஊற்றத் தொடங்கினார், எழுபத்திமூன்று வயதில், வாளி வாளியாக. படகின் இயந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டது. இருபது நிமிடம் என்று பிறகு சொன்னார்கள். பிரசாந் எண்ணியது அலைகளை மட்டும்தான்.

துறைக்கு வந்து, படகின் அடியில் தூக்கும் இயந்திரத்தின் பட்டைகள் இறுகி, அது தண்ணீரை விட்டு எழும்பியபோதுதான் அவன் கையை எடுத்தான். விரல்கள் விரியவில்லை. ஸ்டெபனி ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள்.

காரில், சூடு முழுதாகப் போட்டு, கையில் துணி சுற்றி இருந்தபடி அவன் அவளிடம் சொன்னான். காலையில் கண்டதையும், சொல்லாமல் விட்டதையும் சொன்னான்.

அவள் காரை வீதி ஓரமாக நிறுத்தினாள்.

"மூண்டு பேரும் செத்திருப்பம்," என்றாள். "ஏன் சொல்லேல்லை?"

"இனிக் குறை சொல்லேல்லை எண்டு சொன்னனான்தானே."

"நான் உங்கட பயத்தைத்தான் சொன்னது. வால்வையே சொன்னது?"

"எனக்கு ரெண்டும் பிரிச்சுத் தெரியேல்லை, ஸ்டெபனி. எது பிழை, எது பயம் எண்டு எனக்குத் தெரியேல்லை. ஆறு வருசமா உமக்குப் பொய் சொல்லிக்கொண்டு வந்தனான். எனக்குக் குளிக்கிற தொட்டிக்குள்ள படுக்கவே பயம். நான் அத்திலாந்திக்குக்கு வரேல்லை. வரமாட்டன்."

அவள் இரண்டு நாள் தேவைக்கு மட்டும்தான் கதைத்தாள். புதன்கிழமை சோதனைக்காரரின் அறிக்கை வந்தது. அதைப் படித்துவிட்டு அவன் முன்னால் வைத்தாள்.

"இதைவிட எனக்கு உங்கட வாயால வேணும். பயத்தை ஒரு பக்கம் வையுங்கோ. பிளம்பரா சொல்லுங்கோ. படகு எப்பிடி?"

ஒரு சொல் போதும் என்பது பிரசாந்துக்குத் தெரியும். கூடாது என்றால் அவள் விட்டுவிடுவாள். இந்தப் படகை மட்டுமல்ல, ஒருவேளை எல்லாவற்றையுமே விட்டுவிடுவாள். அவன் அறிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஓட்டில் ஈரமில்லை. அடிக்கட்டையின் பூட்டுகள் நல்லவை. சுக்கான் ஆடவில்லை. அவனும் தன் காலால் மிதித்துப் பார்த்த தளம்தான் அது.

"நல்ல படகு," என்றான். "பாத்த ஏழிலயும் இதுதான் நல்லது. படகில இருக்கிற வால்வ் ஐஞ்சையும் மாத்த வேணும். நான் மாத்தித் தாறன்."

ஸ்டெபனி அவன் கட்டுப்போட்ட கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "அப்ப நான் வேற ஆக்களோட போறன்," என்றாள். "நீங்கள் அசோர்ஸுக்குப் பிளேனில வாங்கோ."

அமிர்தநாதர் முதலில் விற்கமாட்டேன் என்று நின்றார். ஸ்டெபனி மூன்று தடவை போய்க் கதைத்த பிறகுதான் சம்மதித்தார். அந்தப் பனிக்காலம் முழுக்க, தரையில் தூக்கி வைத்திருந்த படகுக்குள், ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசாந் முதுகு வளைந்து கிடந்து வெண்கல வால்வ் பூட்டினான். தரையில் நின்ற படகிலும் அவனுக்குக் கால் கூசியது. இப்போதெல்லாம் அதை ஸ்டெபனிக்குச் சொன்னான். "இண்டைக்கு எப்பிடி?" என்று அவள் கேட்பாள். "பயம் கூட," என்பான், அல்லது "பரவாயில்லை" என்பான்.

ஆனி மாதம் ஹலிஃபாக்ஸ் துறைமுகத்தில் அவன் நின்றான். அங்கே கப்பல் திருத்தும் தளத்தில் வேலை செய்கிற ஸ்டெபனியின் தம்பி றொய்சனும், கிளப் சிநேகிதி ஒருத்தியும் அவளோடு போனார்கள். அவன் கையசைக்கவில்லை, பிடித்த வேலிக் கம்பியை விட முடியவில்லை. அவள் படகில் இருந்து கத்தினாள்: "எப்பிடி?"

"கூட!" என்று கத்தினான். "சரியான கூட!"

ஒவ்வொரு நாளும் காலை எட்டு மணிக்குச் செயற்கைக்கோள் வழியாக அவளிடமிருந்து ஒரு வரி வரும். பத்தாம் நாள் வரவில்லை. அன்று ஸ்காபரோவில், டோர்செட் பார்க் பகுதியில் ஒரு மாடிக் குடியிருப்பில் வேலை. பத்து மணியானது, பதினொன்றானது. வானிலை வரைபடத்தைத் திறந்தால் அவள் இருக்கவேண்டிய இடத்தில் சிவப்பு. அவன் ஒரு குழாயையே மூன்று தடவை கழற்றிப் பூட்டினான். தானே படகில் இருந்திருந்தால் இதைவிடப் பயம் குறைவாக இருந்திருக்குமோ என்றுகூட நினைத்தான். இல்லை, இருந்திருக்காது. இரண்டும் வேறு வேறு பயம். இதற்குக் கையால் அழுத்த ஓரிடமும் இல்லை.

ஒன்றரை மணிக்குக் கைபேசி அதிர்ந்தது.

"இரவு முழுக்கப் புயல். அன்ரெனா பழுதாப் போச்சு, றொய்சன் இப்பதான் திருத்தினவன். மூண்டு பேரும் சுகம். எனக்கும் பயமாத்தான் இருந்தது."

கடைசி வரியை அவன் பல தடவை படித்தான். பிறகு அந்த வீட்டுக் குசினித் தரையில் அப்படியே காலை நீட்டி இருந்துவிட்டான். வீட்டுக்காரி குணவதி அன்ரி தேத்தண்ணியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன தம்பி, அவ்வளவு பெரிய பழுதே?"

"இல்லை அன்ரி," என்றான் பிரசாந், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எல்லாம் சரி. ஒரு அஞ்சு நிமிசம் இருந்திட்டுச் செய்யிறன்."